தீம் பார்க்கில் மதியத் தூக்கம்: சின்னக் குழந்தையோடு முதல்முறை போகிறவர்களுக்கு

எங்கள் மகளுக்கு இரண்டு வயது முடிய இரண்டு மாதம் இருந்தபோது முதன்முதலாக அவளைத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போனோம். டிக்கெட், தங்கும் அறை, முதலில் எந்த ரைடு, எங்கே சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் திட்டம் இருந்தது. அவள் எப்போது தூங்குவாள் என்பதற்கு மட்டும் இல்லை. அசந்துபோனால் தள்ளுவண்டியிலேயே தூங்கிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டோம். ஒரு மணிக்குக் கண்ணைக் கசக்கினாள். இரண்டு மணிக்குத் திடீரென்று உற்சாகமாகி அங்குமிங்கும் ஓடினாள். மூன்று மணிக்குத் தண்ணீர் பாட்டிலின் மூடி திறக்கவில்லை என்று தரையில் விழுந்து அழ ஆரம்பித்தவளைச் சமாதானப்படுத்த நாற்பது நிமிடம் ஆனது. படப் புத்தகத்தில் விரல் வைத்து வைத்து அவள் காட்டிக்கொண்டிருந்த மாலை ஊர்வலம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். மேளமும் விளக்குமாக ஊர்வலம் முழுவதும் எங்களைக் கடந்து போயிற்று. அவள் கண் திறக்கவே இல்லை.

அடுத்த பயணத்தில் திட்டம் போடும் முறையையே மாற்றினோம். தாளில் முதலில் தூக்க நேரத்தை எழுதினோம். மற்றதையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் அடுக்கினோம். பார்த்த ரைடுகள் இரண்டு மூன்று குறைந்தன. அவள் சிரித்துக்கொண்டிருந்த நேரம் பல மடங்கு கூடியது. நான் இங்கே சொல்லப்போவது எல்லாம் அந்த மாற்றத்தை எப்படிச் செய்வது என்பதுதான். ஒன்றிலிருந்து நான்கு, ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு: குறிப்பெடுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒன்று முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தைக்கு இரவும் பகலும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம். வெளியூரில் இரவுத் தூக்கம் எப்படியும் கொஞ்சம் குறையும். பகல் தூக்கத்தையும் விட்டுவிட்டால் குழந்தை ஒரே நாளில் மூன்று நான்கு மணி நேரம் பின்தங்கிவிடும்.

ஆனால் எல்லாக் குழந்தைக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. உங்கள் குழந்தையின் கணக்கைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் நான்கு விஷயங்களைக் குறித்து வையுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தது, பகலில் எத்தனை மணிக்குத் தூங்கியது, எவ்வளவு நேரம் தூங்கியது என்பவை முதல் மூன்று. நான்காவதுதான் முக்கியம்: தூங்குவதற்கு அதற்கு என்ன தேவைப்பட்டது? இருட்டா, ஒரு பாட்டா, கையில் பிடித்துக்கொள்ளும் பழைய துணியா, முதுகைத் தட்டிக் கொடுக்கும் கையா? நேரத்தைப் பயணத்தில் அப்படியே காப்பாற்ற முடியாது. ஆனால் பாட்டையும் துணியையும் கையோடு எடுத்துப் போகலாம். சுற்றிலும் எல்லாமே புதிதாக இருக்கும் இடத்தில், இது தூங்கும் நேரம் என்று குழந்தைக்குச் சொல்வது அவைதான்.

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை பெரும்பாலான குழந்தைகள் பகலில் ஒரு முறை, காலையில் எழுந்து ஐந்தாறு மணி நேரம் கழித்துத் தூங்கும். ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் பல குழந்தைகள் இரண்டு தூக்கத்திலிருந்து ஒன்றுக்கு மாறிக்கொண்டிருக்கும். அந்த இடைக்காலத்தில் இருப்பவர்களுக்கு, பார்க்குக்குப் போகும் வழியில் ஒரு குட்டித் தூக்கம், மதியம் கழிந்து ஒன்று என்று வைத்துக்கொள்வது எளிது. பயணத்துக்காக அவசரப்பட்டு ஒரு தூக்கத்தை நிறுத்திப் பழக்க வேண்டாம்.

அறைக்குத் திரும்புவதா, வண்டியிலேயே தூங்க வைப்பதா?

இதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். வெயிலில், கூட்டத்துக்கு நடுவில், அழும் குழந்தையை வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு பெரும்பாலும் சண்டையில் முடியும்.

இருட்டும் அமைதியும் இல்லாமல் தூங்கவே தூங்காத குழந்தை என்றால் அறைதான் சரி. காரிலும் ரயிலிலும் கல்யாண மண்டபத்திலும் தூங்கியிருக்கிறது என்றால் வண்டி போதும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் குழந்தைக்கு, அறை எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து முடிவு செய்யலாம்.

அந்தத் தூரத்தைக் கணக்கிடுவதில்தான் பலரும் ஏமாறுகிறோம். வரைபடம் பதினைந்து நிமிடம் என்று காட்டும். ஆனால் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து வாசலுக்கு நடக்க வேண்டும், வண்டியை மடக்க வேண்டும், பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும், இறங்கி அறை வரை நடக்க வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது சாதாரணமாக ஐம்பது நிமிடம் ஆகிவிடும். கதவிலிருந்து கதவு வரை ஒரு வழிக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகுமென்றால் நான் அறைக்குத் திரும்ப மாட்டேன். போய் வருவதிலேயே பிற்பகல் கரைந்துவிடும்.

அறைக்குத் திரும்புவதில் இன்னொரு சிக்கல் உண்டு. பேருந்தில் ஏறிய இரண்டாம் நிமிடத்தில் குழந்தை கண்ணை மூடும். பத்து நிமிடம் கழித்து இறக்கும்போது விழித்துக்கொள்ளும். அதன் பிறகு அறையில் எவ்வளவு தாலாட்டினாலும் தூங்காது. காரணம் இதுதான்: விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது, தூங்கும்போது அது குறைகிறது. பத்து நிமிடத் தூக்கம் களைப்பைப் போக்காது, ஆனால் அடுத்த தூக்கத்துக்கான அழுத்தத்தின் மேல்பகுதியை மட்டும் வழித்து எடுத்துவிடும். அதனால் திரும்பும் வழியில் குழந்தையைக் கட்டாயம் விழித்திருக்க வையுங்கள். ஜன்னலோரம் உட்கார வைத்துப் பேசுங்கள், கொறிக்க ஏதாவது கொடுங்கள், ஈரத்துணியால் கையைத் துடைத்துவிடுங்கள். ஒருவேளை தூங்கியே விட்டால், இறங்கியதும் எழுப்பாமல் வண்டியில் மாற்றி, அறை வாசலிலோ நிழலிலோ தள்ளிக்கொண்டே அந்தத் தூக்கத்தை முடிக்க விடுங்கள். அறைக்குள் படுக்கையில் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

டிக்கெட் வாங்குவதற்கு முன்பே ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: வெளியே போய்விட்டு அதே நாளில் மறுபடி உள்ளே வரலாமா? எல்லாப் பார்க்கிலும் அனுமதி இருக்காது. அனுமதிக்கும் இடங்களிலும் கையில் முத்திரை குத்திக்கொள்வது போன்ற நடைமுறை இருக்கலாம்.

மூன்று நான்கு நாள் பயணம் என்றால் கலந்து செய்யலாம். முதல் நாள் அறையில், இரண்டாம் நாள் வண்டியில், மூன்றாம் நாள் மறுபடி அறையில். வண்டித் தூக்கம் பெரும்பாலும் குறுகியது. அடுத்தடுத்து இரண்டு நாள் அப்படிப் போனால் மூன்றாம் நாள் காலையிலேயே சிணுங்கல் தொடங்கிவிடும்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது

தள்ளுவண்டியில் மூன்று விஷயம் வேண்டும்: முதுகுப் பலகை நன்றாகப் பின்னால் சாய வேண்டும், மேற்கூரை முகம் வரை வந்து நிழல் தர வேண்டும், தோளையும் இடுப்பையும் பிடிக்கும் பட்டை இருக்க வேண்டும். பார்க்குகளில் வாடகைக்குக் கிடைக்கும் வண்டிகள் பல இடங்களில் கெட்டியான பிளாஸ்டிக்கில், சாயாத இருக்கையோடு இருக்கும். நடை களைப்புக்கு அவை போதும், தூக்கத்துக்கு உதவாது. தூங்கும் குழந்தையின் தலை முன்னால் தொங்கிக்கொண்டே இருக்கும். முடிந்தால் சொந்த வண்டியைக் கொண்டுபோங்கள்.

அளவுக்குக் கட்டுப்பாடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவின் டிஸ்னி பார்க்குகளில் 2019 மே முதல் 31 அங்குல அகலத்துக்கும் 52 அங்குல நீளத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை உள்ளே விடுவதில்லை. இழுத்துச் செல்லும் வேகன் வகை வண்டிகளுக்கும் தடை. இரட்டை வண்டி வைத்திருப்பவர்கள் அளந்து பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

வண்டி வாங்கியதும் வேலை முடியவில்லை. பயணத்துக்கு முந்தைய வாரம் மூன்று நான்கு நாள், தூங்கும் நேரத்தில், அதே துணி, அதே பாட்டோடு வெளியே தள்ளிக்கொண்டு போய்ப் பழக்குங்கள். முதல் நாள் தூங்காது. பரவாயில்லை. அந்த இருக்கைக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று குழந்தைக்குப் புரியச் சில நாள் ஆகும். அந்தப் பாடத்தைப் பார்க்கில் தொடங்கினால் தாமதம்.

நாளைத் தூக்கத்தைச் சுற்றிக் கட்டுங்கள்

காலை ஆறரைக்கு எழுந்து, பகல் பன்னிரண்டரைக்குத் தூங்கும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். உங்கள் குழந்தைக்கு ஏற்ப நேரத்தை முன்பின் நகர்த்திக்கொள்ளுங்கள்.

வாசல் திறக்கும்போதே அங்கே இருங்கள். சின்னக் குழந்தையின் மனநிலை நாளிலேயே மிக நன்றாக இருக்கும் நேரமும் கூட்டம் மிகக் குறைவாக இருக்கும் நேரமும் ஒன்றாக அமைவது காலையில் மட்டும்தான். இந்த இரண்டு மணி நேரத்தைக் குழந்தைக்கே கொடுங்கள். பெரியவர்களுக்குப் பிடித்தவை அப்புறம்.

காலையில் முடிந்தவரை வண்டியிலிருந்து இறக்கி நடக்க விடுங்கள். ஒன்று முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைகளை ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் கட்டி வைக்கக் கூடாது என்று மேலே சொன்ன அதே வழிகாட்டுதல் சொல்கிறது. காலை முழுவதும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்த குழந்தைக்கு மதியம் அதே வண்டியில் தூக்கமும் வராது. அதற்குள் வண்டியே வெறுத்துப்போயிருக்கும்.

மதிய உணவைப் பதினொரு மணிக்கே முடியுங்கள். சீக்கிரம் போலத் தோன்றும். ஆனால் பன்னிரண்டு மணிக்கு வரிசையில் நின்றால் தட்டு கைக்கு வரும்போது குழந்தையின் தூக்க நேரம் வந்துவிடும். பசியும் தூக்கமும் ஒன்றாகச் சேர்ந்த குழந்தை சாப்பிடவும் சாப்பிடாது, தூங்கவும் தூங்காது.

பதினொன்றே முக்காலிலிருந்து வேகத்தைக் குறையுங்கள். அந்த நேரத்தில் புது ரைடு வேண்டாம், பொம்மைக் கடை வேண்டாம், வேஷமிட்ட பாத்திரங்களோடு படம் எடுப்பதும் வேண்டாம். டயப்பர் மாற்றி, கை கால் முகம் துடைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். வீட்டில் தூங்கும் நேரத்துக்கு இருபது முப்பது நிமிடம் முன்பாகவே தூங்க வைக்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். காலை முழுவதும் பார்த்ததும் கேட்டதும் அடங்கவே அவ்வளவு நேரம் ஆகும்.

அடையாளங்களையும் கவனியுங்கள். பேச்சு குறையும். ஒரே இடத்தை வெறித்துப் பார்க்கும். காதைப் பிடித்து இழுக்கும். நடக்கும்போது தடுக்கும். கண்ணைக் கசக்கும். அழுகை இந்த வரிசையில் கடைசி; அது வந்துவிட்டால் நல்ல நேரம் கடந்துவிட்டது என்று பொருள். அதைவிட ஏமாற்றுவது, எங்கள் மகள் இரண்டு மணிக்குக் காட்டிய உற்சாகம். தூக்கம் தள்ளிப்போகும்போது உடல் தன்னை விழித்திருக்க வைக்கப் போராடும். குழந்தை திடீரென்று சிரிக்கும், ஓடும், எதையும் கேட்காது. தூக்கம் கலைந்துவிட்டது போலிருக்கிறது, அடுத்த ரைடுக்குப் போகலாம் என்று அப்போது யாரும் நினைப்பார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அந்த உற்சாகத்தைக் கண்டால் உடனே நிழலைத் தேடிப் போங்கள்.

வண்டியில் தூங்க வைப்பது எப்படி

காலையில் சுற்றும்போதே இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரோலர் கோஸ்டருக்கும் ஒலிபெருக்கிக்கும் ஊர்வலப் பாதைக்கும் தள்ளி, மரநிழல் உள்ள அகலமான பாதை வேண்டும். பார்க்கின் கோடிகளில் இப்படிப்பட்ட இடம் பெரும்பாலும் இருக்கும். செயற்கை அருவியோ நீரூற்றோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. சத்தம் குழந்தையை எழுப்புவது குறைவு. சத்தம் திடீரென்று மாறுவதுதான் எழுப்பும். தண்ணீர் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தால் தூரத்துக் கூச்சல் அதில் கரைந்துபோகும். அப்படி இடம் கிடைக்காவிட்டால் செல்பேசியில் மழைச் சத்தம் போடலாம். ஒலியைக் குறைத்து, காதுக்குப் பக்கத்தில் இல்லாமல் வண்டியின் கைப்பிடியில் வையுங்கள்.

வெயில் அதிகமென்றால் உள்ளரங்கம் தேடுங்கள். மங்கலான விளக்கோடு கண்காட்சிக் கூடம், நீளமான கடைத்தெரு, கூரை போட்ட நடைபாதை எதுவும் பரவாயில்லை. பெரிய பார்க்குகள் பலவற்றில் குழந்தைப் பராமரிப்பு அறை உண்டு. டயப்பர் மாற்றவும் பால் கொடுக்கவும் அமைதியாக உட்காரவும் அங்கே இடம் இருக்கும். தூக்கத்துக்கு முந்தைய அரைமணி நேரத்தை அங்கே கழிப்பது நல்ல வழி.

இருக்கையைச் சாய்த்து, பட்டையைப் போட்டு, கூரையை இறக்குங்கள். துணியைக் கையில் கொடுங்கள். பாட்டைத் தொடங்குங்கள். அப்புறம் பேச்சே வேண்டாம். குழந்தை கூப்பிட்டால் தலையில் கை வைத்து "ம்" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரே வேகத்தில், ஒரே வட்டத்தில் தள்ளுங்கள். பார்க்கப் புதிதாக ஒன்றும் இருக்கக் கூடாது. தூங்கிய பிறகும் பதினைந்து நிமிடம் தள்ளிக்கொண்டே இருங்கள். உடனே நிறுத்தினால் விழித்துக்கொள்ளும். பிறகு நிழலில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். நாற்பது நிமிடம் ஆனதும் மறுபடி மெல்லத் தள்ளத் தொடங்குங்கள். இந்த வயதில் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். சுற்றின் முடிவில் தூக்கம் லேசாகும். அந்த நேரத்தில் வண்டி அசைந்துகொண்டிருந்தால் அடுத்த சுற்றுக்குள் நழுவிப் போக வாய்ப்பு அதிகம். இதை நான் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் முக்கால் மணி நேரத் தூக்கம் பலநாள் ஒன்றரை மணி நேரமாக நீண்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். வெளிச்சத்தை மறைக்க வண்டியின் மேல் போர்வையோ துண்டோ போட்டு மூடாதீர்கள். மெல்லிய துணியாக இருந்தாலும் காற்றோட்டம் நின்றுபோய் உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் குழந்தையின் முகமும் தெரியாது. காற்று புகும் வலைத்திரையை ஒரு பக்கம் திறந்தபடி மாட்டுங்கள். வண்டியில் மாட்டும் சின்ன விசிறி உதவும், விரல் எட்டாத இடத்தில் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்வை வழிந்து உடம்பு கொதித்தால், தூக்கம் கலைந்தாலும் பரவாயில்லை, குளிர்ந்த இடத்துக்குப் போய்விடுங்கள்.

மார்போடு கட்டிக்கொள்ளும் தாங்கியில் தூங்க வைப்பவர்கள் குழந்தையின் முகம் எப்போதும் தெரிகிறதா, தாடை நெஞ்சில் அழுந்தாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு உடம்பின் சூடும் ஒன்றாகச் சேரும் என்பதால் வெயில் நாளில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விழித்ததும் உடனே எங்கேயும் கிளம்பாதீர்கள். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும் குழந்தைக்குக் கால் மணி நேரம் தூக்கக் கலக்கம் இருக்கும். மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் கொடுங்கள். அதுவாகத் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்க்கட்டும்.

அறையில் என்றால்

முதல் நாளே திரைச்சீலையைச் சோதித்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் விழுந்தால் துணிக் கிளிப் இரண்டு போட்டு மூடலாம். வெளியிலிருந்து வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பைக் கழுவி, இரவு உடையைப் போடுங்கள். பகலாயிருந்தாலும் இரவு உடைதான்; அது ஒரு செய்தி. பெரியவர்களும் படுத்துவிடுங்கள், செல்பேசி வெளிச்சம் வேண்டாம். மூத்த குழந்தை அதே அறையில் விளையாடிக்கொண்டிருந்தால் சின்னது தூங்காது. மூத்ததை இன்னொருவர் நீச்சல் குளத்துக்கோ நடக்கவோ அழைத்துப் போகட்டும்.

மற்றவர்கள் என்ன செய்வது?

பகல் தூக்கத்தைப் பற்றி வரும் வருத்தமெல்லாம் இங்கேதான். இவ்வளவு செலவு செய்து வந்து இரண்டு மணி நேரம் சும்மா இருப்பதா என்று தாத்தா பாட்டிக்கோ மூத்த பிள்ளைக்கோ தோன்றும். அதனால் முன்பே பேசிவிடுங்கள்.

வேகமான ரைடுகள் பலவற்றுக்கு உயர வரம்பு உண்டு; 102 சென்டிமீட்டர் என்பது அடிக்கடி பார்க்கும் அளவு. இரண்டு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் ஏறக்குறைய 86, 87 சென்டிமீட்டர்தான். அவற்றில் சின்னக் குழந்தை எப்படியும் ஏற முடியாது. அதனால் தூக்க நேரத்தையே மூத்த பிள்ளையின் நேரமாக்குங்கள். வண்டியோடு ஒருவர், மற்றவர்கள் அந்த ரைடுக்கு. மறுநாள் ஆள் மாறட்டும். தினமும் அம்மாவே நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. யார் எந்த நாள் என்று எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், மனக்கசப்பு வந்ததில்லை.

பெரிய பார்க்குகளில் ஆள் மாற்றும் வசதியும் உண்டு. டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச் என்பார்கள், யுனிவர்சலில் சைல்டு ஸ்வாப். ஒருவர் குழந்தையோடு இருக்க மற்றவர் ரைடில் போய்வருவார். திரும்பியதும் முதலாமவர் முழு வரிசையிலும் மறுபடி நிற்காமல் போகலாம். நீங்கள் போகும் இடத்தில் இருக்கிறதா என்று ரைடின் வாசலில் நிற்கும் ஊழியரைக் கேளுங்கள்.

தூங்கவே இல்லையென்றால்

சில நாள் நடக்கும். நாற்பது நிமிடம் முயன்றும் கண் திறந்தே இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் வண்டியே போர்க்களம் ஆகிவிடும். அந்த நாளின் மீதிப் பாதியைச் சுருக்குங்கள்: மென்மையான இரண்டு மூன்று விஷயம், மாலை உணவு சீக்கிரம், இரவுத் தூக்கம் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பாக. நான்கு, ஐந்து மணிக்குத் தானாகக் கண் சொக்கினால் இருபது நிமிடம் தூங்கவிட்டு மெல்ல எழுப்புங்கள். இரவு வாணவேடிக்கை பார்க்க வேண்டும் என்று திட்டமிருந்தால் மட்டும் நீளமாகத் தூங்க விடலாம். வாணவேடிக்கையின் சத்தத்துக்குக் காதுக் கவசம் போடுங்கள். தூங்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள்.

தூங்க வைப்பதற்காக இருமல் மருந்தோ ஒவ்வாமை மருந்தோ எதையும் கொடுக்காதீர்கள். பயணங்களில் இந்த யோசனையை யாராவது சொல்லத்தான் செய்வார்கள். மயக்கம் தரும் இந்த மருந்துகள் சின்னக் குழந்தைகளின் மூச்சைப் பாதிக்கலாம். சில குழந்தைகளுக்கு நேர்மாறாகப் படபடப்பையும் தரும். அதேபோல், காரில் தூங்கிவிட்ட குழந்தையைக் காரிலேயே தனியாக விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூடப் போகாதீர்கள். மூடிய காரின் வெப்பம் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி வரை ஏறக்கூடும். சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும்.

மூன்று வயதுக்கு மேல்

வீட்டில் பகல் தூக்கத்தை நிறுத்திவிட்ட குழந்தைக்குக்கூடப் பார்க் நாளில் ஓய்வு வேண்டும். "தூங்கு" என்று சொன்னால் மறுக்கும். "கால் வலிக்கிறது, கொஞ்சம் உட்காரலாம்" என்றால் வரும். அரைமணி நேரம் கதை கேட்கலாம், மெதுவாகச் சுற்றும் ரயிலில் ஏறலாம், குளிர்ச்சியான அரங்கில் ஒரு நிகழ்ச்சி பார்க்கலாம். தூங்கினால் லாபம், தூங்காவிட்டாலும் நஷ்டமில்லை. நடக்கிற வயதுதானே என்று வண்டியை வீட்டில் விட்டு வராதீர்கள். நாலு வயதுக் குழந்தையும் பார்க்கில் மூன்று மணிக்கு மேல் வண்டியைக் கேட்கும்.

நேர வித்தியாசம் உள்ள ஊர் என்றால்

உடல் ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்ற வேகத்தில்தான் புதிய நேரத்துக்குப் பழகும். ஒன்றிரண்டு மணி நேர வித்தியாசம் என்றால் மாற்ற முயலாமல் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டு நாளை நகர்த்துங்கள். அதற்கு மேல் என்றால் முதல் நாளோ இரண்டு நாளோ பார்க் வேண்டாம். காலை வெளிச்சத்தில் வெளியே விளையாட விடுங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்புங்கள். பார்க் டிக்கெட் மூன்றாம் நாளிலிருந்து தொடங்கட்டும்.

திரும்பிய பிறகு

வீட்டுக்கு வந்த மறுநாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய நேரத்தில், பழைய படுக்கையில், அதே பாட்டோடு படுக்க வையுங்கள். முதல் இரண்டு நாள் வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கும், அல்லது பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் என்று அழும். இரண்டும் இயல்புதான். வண்டியில் தள்ளினால்தான் தூங்குவேன் என்று மூன்றாம் நாளும் அடம் பிடித்தால், வண்டியை மடக்கிக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, துணியைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நான்காம் நாள் மதியம் பன்னிரண்டரைக்கு அவளே துணியைத் தேடிக்கொண்டு வந்தாள்.